சட்டைப் பையில் ஒரு தோட்டக் கடை

காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் சாவி வாங்கியவனுக்கு உரியதா, விற்றவனுக்கு உரியதா? இந்த எளிய கேள்விக்கு நேரான விடை கூறாது, கேட்பவனைத் திருடனென்று ஏசுவது நமது காலத்துப் பெருவணிகத்தின் வழக்கமாகிவிட்டது. கைத்தொலைபேசிச் செயலிகளை விற்கும் கடைகளைப் பற்றியே கூறுகின்றோம்.

அப்பிள் நிறுவனம் ஐபோனை 2007இல் வெளியிட்டது. தன் செயலிக் கடையைத் திறந்ததோ 2008 ஜூலையில்தான். அதற்கு முன்னரே, அவ்வாண்டு பெப்ரவரியில், ஜே ஃபிரீமன் என்னும் அமெரிக்க நிரலாளர் 'சிடியா' என்ற மாற்று வாயிலை அமைத்துவிட்டார். தொலைபேசியின் பூட்டை உடைத்தவர் மட்டுமே அதனுள் நுழையலாம். 2009 மார்ச்சில் அங்கே விலைக்கு விற்கும் கடையும் திறந்தது. பூட்டை உடைப்பவன் இலவசத்துக்கு அலைபவன் என்றோர் அன்றே வாயடைத்திருக்க வேண்டும். உழைத்துச் செய்தவனுக்குரிய விலையைக் கொடுக்க அங்கும் மக்கள் இருந்தனர். ஒரே கடையில்தான் வாங்கவேண்டும் என்ற கட்டளையையே அவர்கள் மறுத்தனர். இவ்வாறு பூட்டை உடைப்பதற்கு 2010 ஜூலையில் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலிருந்தே விலக்களிக்கப்பட்டது.

மாத்தளைக்கு இக்கதை புதிதன்று. மன்னார்க் கரையில் இறங்கி, காடு கடந்து, தம்புள்ளை வழியே நடந்து இம்மண்ணை மிதித்த நம் முன்னோர், முதற் சம்பளத்தைக் காணுமுன்னரே கடனாளிகளாயினர். 'இவ்வளவு கடனைக் கட்டினால் இவர்களை விடுவிப்பேன்' என்று துரை எழுதிய 'துண்டு' இன்றி வேறு தோட்டத்தில் வேலையில்லை. அம்முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. வயிற்றுப் பசியையும் தொலைபேசியையும் ஒப்பிடலாமா என்று கேட்பீர்கள். துயரம் ஒன்றென்று நாம் கூறவில்லை, பொறி ஒன்றென்கிறோம். வெளியேறும் வாயிலைத் தன் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே விலையைத் தானே விதிப்பதே அப்பொறி.

அந்த விலை என்ன? நூற்றுக்கு முப்பது. சிறியோரின் கூக்குரலும் வழக்குகளும் எழுந்த பின்னர், 2021இல் அப்பிளும் கூகிளும் சிறு வருவாயினருக்கு அதைப் பதினைந்தாக்கின. கூகிளின் கட்டண விதிகளுக்காக 2022 ஒக்டோபரில் இந்தியப் போட்டி ஆணைக்குழு 936.44 கோடி ரூபா தண்டம் விதித்தது. 2025இல் மேன்முறையீட்டு மன்று அதை 216.69 கோடியாகக் குறைத்தது. இதற்கிடையில், 2024 மார்ச் 1ஆந் திகதி, கட்டணத் தகராறின் பெயரால் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனி உள்ளிட்ட இந்திய நிறுவனங்களின் செயலிகளைக் கூகிள் தன் கடையிலிருந்து தூக்கியெறிந்தது. அரசு தலையிட்ட பின்னரே அவை திரும்பின. பெருநிறுவனங்களின் கதியே இதுவாயின், மாத்தளையில் ஓர் அறையிலிருந்து செயலி எழுதும் இளைஞனின் கதி என்ன?

மொழிக்கும் இப்பூட்டு விழுந்தது. முத்து நெடுமாறனின் 'செல்லினம்' 2005இலேயே கைத்தொலைபேசியில் தமிழை எழுத வைத்தது. ஆயினும், பிறர் செய்த விசைப்பலகையை எல்லாச் செயலிகளிலும் பயன்படுத்த ஐபோன் இடங்கொடுத்தது 2014இல்தான். தமிழன் எந்தப் பலகையில் எழுதவேண்டும் என்பதைக் கலிபோர்னியாவிலிருந்து ஒரு கடைக்காரன் தீர்மானித்தான்.

நிற்க. பூட்டை எதிர்ப்பதாலேயே பூட்டுடைக்கும் ஒவ்வொருவனையும் நாம் மாலையிட்டு வரவேற்க வேண்டுமா? இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் நம் மாணவி ஒருத்திக்கு ஆங்கில அகராதிச் செயலி தேவைப்பட்டது. தந்தையிடம் கடனட்டை இல்லை. வேறு வழி சொல்லிக்கொடுக்க ஆளும் இல்லை. நகரத்துத் தொலைபேசிக் கடையொன்றில் இருநூறு ரூபா வாங்கிக்கொண்டு 'முழுச் செயலி'யை ஏற்றிக்கொடுத்தார்கள். வகுப்பில் அதைத் திறந்தபோது, குறுஞ்செய்திகளைப் படிக்க அது அனுமதி கேட்டது. அகராதிக்குக் குறுஞ்செய்தியில் என்ன வேலை? வங்கி அனுப்பும் இரகசிய எண்ணும் அவ்வழியேதான் வருகிறது! அன்றே அதை அழித்தோம். அத்தந்தை காசு கொடுத்தவர், திருடரல்லர். ஆனால் அகராதியைச் செய்தவனுக்கு ஒரு சதமும் போய்ச் சேரவில்லை. தரகனை ஒழிக்கிறேன் என்று வந்தவன் இன்னொரு தரகனானான்.

இத்தகைய மோசடிகளைக் காட்டியே பெருநிறுவனங்கள் பூட்டை இறுக்குகின்றன. தம்மிடம் அடையாளம் பதியாதோர் செய்த செயலிகளை, 2026 செப்டெம்பரில் நான்கு நாடுகளில் தொடங்கி, அண்ட்ரொயிட்டில் தடுக்கப்போவதாகக் கூகிள் 2025 ஓகஸ்டில் அறிவித்தது. ஐரோப்பியச் சட்டத்துக்குப் பணிந்து 2024இல் பிற கடைகளை அனுமதித்த அப்பிளோ, பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு நிறுவலுக்கும் ஆண்டுக்கு அரை யூரோ கேட்டது. கதவைத் திறந்து வாசலில் சுங்கச்சாவடி வைத்த கெட்டிக்காரத்தனம்! காவல் வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. காவற்காரனே கடைக்காரனாகவும் இருந்தால் அவனைக் காவல் செய்வது யார்?

ஆகவே நமது கோரிக்கை தெளிவானது. வாங்கியவன் விரும்பிய கடையில் வாங்கும் உரிமை சட்டமாக வேண்டும். எந்தக் கடையாயினும் செய்தவனின் கூலியை முதலில் கொடுக்கவேண்டும். செயலி எதைக் கேட்கிறது, ஏன் கேட்கிறது என்று வாசித்தறியப் பாடசாலை கற்பிக்கவேண்டும்; அக்கடமை நம்முடையது. துண்டை ஒழித்தவர்களின் பேரப்பிள்ளைகள், தம் சட்டைப் பையில் இன்னொரு துண்டைச் சுமந்து திரிய நாம் வாளாவிருக்கலாகாது.