வீட்டு வேலைக்குச் சம்பள அட்டை, கழிவறை, நிரந்தர நிதி கேட்டு அளிக்கும் கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், பொருளாளர்,
வீட்டு வேலைத் தொழிலாளர் சங்கம்,
கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் கிளைகள்.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை – 600 009.

நகல்: தமிழ்நாடு வீட்டுப் பணியாளர்கள் நல வாரியம், மாநகர் போக்குவரத்துக் கழகம்.

பொருள்: வீட்டு வேலைத் தொழிலாளர்களின் கூலி, பணியிட வசதி, நல நிதி தொடர்பாக.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

பாத்திரம் தேய்ப்பது, வீடு பெருக்கித் துடைப்பது, சமைப்பது, குழந்தையையும் படுத்த படுக்கையாகிவிட்ட பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது ஆகியவை எங்கள் உறுப்பினர்களின் தொழில். எங்களில் பெரும்பாலோர் கூவம், அடையாறு கரைகளிலும் நகரத்துக்குள் இருந்த குடிசைப் பகுதிகளிலும் பிறந்து வளர்ந்தவர்கள். 2000-க்குப் பிறகு கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்துக்குப் பின் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கும் எங்களைக் குடிபெயர்த்தார்கள். குடியிருப்பு நகர்ந்ததே தவிர, வேலை மயிலாப்பூரிலும் அடையாறிலும் மந்தைவெளியிலும்தான் இருக்கிறது. முன்பு பத்து நிமிடத்தில் நடந்து போன வீட்டுக்கு இப்போது இரண்டு பஸ் மாறிப் போகிறோம்.

இந்த இடமாற்றத்தில் இழந்தவர்கள் நாங்கள் மட்டும் அல்ல. காலை ஏழு மணிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தால்தான் அந்த வீட்டு அம்மா ஒன்பது மணிக்கு ஆபீஸ் போக முடியும். பஸ் வராத நாளில் அவர் லீவு போடுகிறார். எங்களுக்கும் அன்றைய சம்பளம் போகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, வயதான தம்பதி மட்டும் தனியாக வாழும் வீடுகள் பல உண்டு. அங்கே மாத்திரை எடுத்துக் கொடுப்பதும், கீழே விழுந்தால் தூக்கி உட்காரவைப்பதும் எங்கள் ஆள்தான். நாங்கள் இல்லாமல் அவர்களுக்கு நாள் ஓடாது, அவர்கள் இல்லாமல் எங்களுக்கு அடுப்பு எரியாது. இதை இரு தரப்பும் அறியும். சட்டத்தின் கண்ணில் மட்டும் இது இன்னும் சரியாகப் படவில்லை.

அரசு செய்ததை மறுக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை. 1982-ஆம் ஆண்டின் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007-ல் எங்களுக்கென்று நல வாரியம் வந்தது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை என்றானது. கடந்த பல ஆண்டுகளில் எங்கள் கைக்கு உண்மையாக வந்து சேர்ந்த சம்பள உயர்வு அதுதான் என்று எங்கள் கூட்டங்களில் பெண்கள் சொல்வார்கள்.

கூலி விஷயத்துக்கு வருகிறோம். 2018-ல் அரசு வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 37 ரூபாயிலிருந்து நிர்ணயித்தது. ஆனால் எந்த வீட்டிலும் மணிக் கணக்கில் பேசுவதில்லை. பாத்திரத்துக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு, மேல்வேலைக்கு இவ்வளவு என்று மாதத்துக்குத்தான் பேச்சு. ஊரிலிருந்து விருந்தாளி வந்து பத்து நாள் தங்கினால் பாத்திரம் இரட்டிப்பாகும், சம்பளம் அப்படியே இருக்கும். வீட்டுக்காரர் வெளியூர் போய்க் கதவைப் பூட்டினால் அந்த நாட்களுக்குப் பிடித்தம் நடக்கும். மணிக் கூலி ஆணை இந்த நடைமுறையைத் தொடவே இல்லை. தொழிலாளர் ஆய்வாளர் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்ட முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். ஆகவே கூலியை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்தி, வேலை வாரியாகவும் குடும்ப அளவு வாரியாகவும் அறிவிக்க வேண்டும். கூடவே, வாரியம் அச்சிட்டுத் தரும் சம்பள அட்டை ஒன்று வேண்டும். அதில் என்ன வேலை, எத்தனை மணி நேரம், எவ்வளவு சம்பளம், எந்த நாள் விடுப்பு, எவ்வளவு முன்பணம் என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். இப்போது பல குடியிருப்புகளில் எங்கள் போட்டோவும் ஆதார் நகலும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூடக் கிடையாது. நகை காணோம் என்று ஒரு பேச்சு எழுந்தால், அந்த வீட்டில் எத்தனை வருடம் வேலை பார்த்தோம் என்பதற்கே எங்களிடம் சாட்சி இல்லை.

எங்கள் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டிய வீடுகள் உண்டு, எங்கள் ஆபரேஷனுக்குப் பணம் கொடுத்த வீடுகளும் உண்டு. 2020 ஊரடங்கில் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாதச் சம்பளத்தைத் தவறாமல் அனுப்பியவர்களையும் நாங்கள் மறக்கவில்லை. ஆனால் அதே ஊரடங்கில் ஒரு ரூபாய் கூடப் பெறாத பெண்கள் நிறையப் பேர். கிடைப்பதும் கிடைக்காததும் வீட்டுக்காரரின் மனசைப் பொறுத்ததாகவே இருக்கிறது. உதவியாக வந்த பணம் சில இடங்களில் கடனாக எழுதப்பட்டு, வேறு வீடு தேட முடியாதபடி கட்டிப்போடுகிறது. அட்டையில் முன்பணத்தைக் குறிக்கச் சொல்வது இதனால்தான்.

இனி, எழுதக் கூச்சமாக இருந்தாலும் எழுத வேண்டிய ஒன்று. காலை ஆறு மணியிலிருந்து பகல் இரண்டு மணி வரை மூன்று நான்கு வீடுகளின் கழிவறையைக் கழுவுகிறோம். அவற்றில் ஒன்றைக்கூடப் பயன்படுத்த எங்களில் பலருக்கு அனுமதி இல்லை. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்றுக்கு மருந்து வாங்கும் செலவு சம்பளத்தில் ஒரு பகுதியைத் தின்கிறது. ஒரு குடியிருப்பில் வேலையாட்கள் பிரதான லிஃப்டில் ஏறக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் வேலை செய்யும் வீட்டின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனால் யாரும் தடுப்பதில்லை. எங்களுக்கென்று வைக்கப்படும் தனித் தம்ளர், தனித் தட்டு பற்றித் தமிழ்நாட்டு அரசுக்கு நாங்கள் விளக்க வேண்டியதில்லை. ஐம்பது வீடுகளுக்கு மேல் உள்ள அடுக்குமாடிகளைப் பணியிடமாக அறிவித்து, பணியாளர்களுக்குக் கழிவறை, குடிநீர், உட்கார ஓர் இடம் ஆகியவற்றைக் கட்டாயமாக்க வேண்டும். லிஃப்டில் பாகுபாடு காட்டும் விதிகள் செல்லாது என்றும் அறிவிக்க வேண்டும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் 2013-லேயே வீட்டு வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. புகாரை மாவட்ட உள்ளூர்க் குழுவில் தர வேண்டும். அந்தக் குழு எங்கே இருக்கிறது என்று எங்கள் உறுப்பினர்களிடம் கேட்டுப் பாருங்கள். முகவரியையும் தொலைபேசி எண்ணையும் ரேஷன் கடையிலும் பஸ் நிலையத்திலும் எழுதிவைத்தாலே பாதி வேலை முடியும்.

வாரியத்தின் பணம் பற்றிய கோரிக்கையை முக்கியமாகக் கருதுகிறோம். கட்டுமானத் தொழிலாளர்களுக்குக் கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் வரியாக வருகிறது. கட்டடம் எழும்பும்வரை அங்கே வேலை செய்தவருக்கு அந்த நிதி உண்டு. எழும்பிய பின் அதே கட்டடத்தை ஆயுள் முழுக்கத் துடைப்பவருக்கு அப்படி எதுவும் இல்லை. அடுக்குமாடிப் பராமரிப்புக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கை வாரியத்துக்குச் செலுத்தும்படி விதி செய்யுங்கள். வீட்டுக்காரர்களில் பலர் மாதச் சம்பளக்காரர்கள், வீட்டுக் கடன் கட்டுபவர்கள். அவர்களைப் பெரு முதலாளிகளாக நாங்கள் பார்க்கவில்லை. பலரும் சேர்ந்து கொடுத்தால் ஒரு வீட்டுக்குப் பெரிய சுமையாக இருக்காது, எங்களுக்கு ஓய்வூதியம் உயர வழி பிறக்கும்.

அதிகாலை ஐந்தரை மணிக்கு முன்பே பெரும்பாக்கத்திலிருந்தும் செம்மஞ்சேரியிலிருந்தும் அடையாறு, மயிலாப்பூர் பக்கம் கட்டணமில்லாச் சாதாரணப் பேருந்துகளைக் கூடுதலாக இயக்க வேண்டும்.

வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-ல் நிறைவேறியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. தமிழ்நாடு அரசு இதற்காக ஒன்றிய அரசை வலியுறுத்த வேண்டும்.

எங்கள் சங்கம், அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கங்கள், தொழிலாளர் துறை ஆகிய மூன்று தரப்பும் அமரும் ஒரு கூட்டத்தைத் தங்கள் தலைமையில் கூட்டித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு இருந்தால் எங்கள் உறுப்பினர்கள் சம்பளம் இழக்காமல் வர முடியும்.

இப்படிக்கு,
தலைவர் / செயலாளர் / பொருளாளர்

இணைப்பு: உறுப்பினர்களின் கையெழுத்து, கைரேகைப் படிவங்கள், சம்பள அட்டையின் மாதிரி.