"ஒரு நல்ல புக் சொல்லுங்க, சார்!"



நம் பத்திரிகையின் லே-அவுட் பிரிவில் இருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் அப்பா ஆனார். எல்லோருக்கும் லட்டு கொடுத்துவிட்டு என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். "குழந்தை வளர்க்க ஒரு நல்ல புக் சொல்லுங்க, சார்!"

அவர் போனை வாங்கிப் பார்த்தேன். ஏற்கெனவே நான்கு புத்தகங்கள் டவுன்லோட் ஆகியிருந்தன. சேமித்து வைத்த ரீல்ஸ் தனி. அழுதால் உடனே தூக்குங்கள் என்கிறார் ஒருவர். தூக்கிப் பழக்காதீர்கள் என்கிறார் இன்னொருவர். தம்பி இரண்டுக்கும் லைக் போட்டிருந்தார்.

சிரிப்பு வந்தாலும் பாவமாகவும் இருந்தது. நம் வீடுகளில் புது அப்பாவுக்கு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள்? வளைகாப்பு முடிந்ததும் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விடுவார். பிரசவம் அங்கேதான். குழந்தை அப்பா வீட்டுக்கு வர மூன்று மாதமோ ஐந்து மாதமோ ஆகும். அதுவரை வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் பிடித்துப் போய்வரும் விருந்தாளி அவர். குளிப்பாட்டப் பாட்டி, சாம்பிராணி போடச் சித்தி, தூளி ஆட்ட மச்சினி. மாப்பிள்ளைக்குக் காபி. சும்மா உட்கார்ந்திருப்பவர் புத்தகம் தேடாமல் வேறு என்ன செய்வார்?

தம்பியின் மாமியார் வீட்டில் நான்காம் நாளே ஒரு கலவரம். பிறந்தபோது 3 கிலோ 100 கிராம் இருந்த குழந்தை 2 கிலோ 900 காட்டியது. "பால் பத்தலை, பவுடர் டப்பா வாங்கிட்டு வாங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார். மனைவி ஒரே அழுகை. இவரும் ஓடிப்போய் வாங்கி வந்துவிட்டார்.

முதல் சில நாட்களில் பத்து சதவீதம் வரை எடை குறையலாம், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலும் திரும்பிவிடும் என்பது அவர் போனில் இருந்த புத்தகத்திலேயே இருந்தது. இவர் அந்தப் பக்கத்துக்கே வரவில்லை. எட்டாம் மாதத்துக்கான மூளை வளர்ச்சி விளையாட்டுகளைப் படித்துக்கொண்டிருந்தார்! மறுநாள் நர்ஸ் வந்து, குழந்தை நன்றாகக் குடிக்கிறது, சிறுநீரும் சரியாகப் போகிறது என்று சொன்ன பிறகுதான் வீடு அடங்கியது.

அந்தப் பால் பவுடர் டப்பாவைக் கவனித்திருக்கிறீர்களா? அதில் குழந்தைப் படம் இருக்காது. தாய்ப்பாலே சிறந்தது என்று அச்சிட்டே ஆக வேண்டும். விளம்பரமும் செய்யக் கூடாது. 1992-ல் வந்த சட்டம் அது. விற்கிறவரே ஆலோசனையும் சொன்னால் என்ன ஆகும் என்ற கவலைதான். ஆனால் ரீல்ஸில் பேசுகிறவர் நெற்றியில் அப்படி எந்த எச்சரிக்கையும் ஒட்டியிருக்காது. பேசி முடித்ததும் எண்ணெய் பாட்டிலையோ ஆன்லைன் கோர்ஸையோ நீட்டுகிறாரா என்று நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புத்தகம் என்றால், எந்த வருடத்துப் பதிப்பு என்று முதலில் பாருங்கள். 1928-ல் ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர், குழந்தையைக் கட்டிப்பிடிக்காதீர்கள், காலையில் கை குலுக்கினால் போதும் என்று எழுதினார். நம்ப முடிகிறதா? 1946-ல் டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் வந்துதான் பெற்றோருக்குத் தைரியம் சொன்னார். அவர் புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. அப்பேர்ப்பட்ட ஸ்பாக்கே 1950-களின் பிற்பகுதியில் வந்த பதிப்பில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைக்கச் சொன்னார். மல்லாந்து கிடக்கும்போது வாந்தி எடுத்தால் மூச்சடைக்குமே என்ற நல்ல எண்ணம்தான். குப்புறப் படுக்கும் குழந்தைகளுக்குத் தூக்கத்தில் திடீர் மரண ஆபத்து அதிகம் என்று பின்னால் தெரிந்தது. 1992-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு, குப்புறப் போடாதீர்கள் என்று சொல்லிவிட்டது.

நம் பாட்டிகள் மல்லாக்கப் போட்டுத்தானே தட்டிக்கொடுத்தார்கள் என்று காலரைத் தூக்கிவிட வேண்டாம். பிறந்ததும் 'சேனை' என்று நாக்கில் தேன் தொட்டு வைத்ததும் அதே பாட்டிகள்தான். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி, பிஞ்சுக் குடலில் வளர்ந்து நரம்பைத் தாக்கும் நஞ்சை உண்டாக்கும். முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட வேண்டாம், தாய்ப்பால் போதும்.

அப்படியானால் எதை ஏற்பது, எதை விடுவது? நான் ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன். இது தப்பாகப் போனால் குழந்தைக்கு என்ன நஷ்டம்? கன்னத்தில் திருஷ்டிப் பொட்டா? ஒரு நஷ்டமும் இல்லை, இருந்துவிட்டுப் போகட்டும். அரைஞாண் கயிறா? இறுக்காமல் கட்டினால் சரி. மூக்கில் எண்ணெய் விடுவதா? மன்னிக்கவும், மாட்டோம்.

அந்த 'மாட்டோம்' என்பதை உங்கள் மாமியாரிடம் மனைவி சொல்லட்டும். உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள். "புக்ல போட்டிருக்கு" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். நம் வீடுகளில் "டாக்டர் சொன்னார்" என்றால்தான் எடுபடும்.

தம்பிக்கு நான் எந்தப் புத்தகத்தைச் சொன்னேன்? முதலில், ஆஸ்பத்திரியில் கொடுத்த தாய்-சேய் நல அட்டையை எடுத்து வரச் சொன்னேன். தடுப்பூசித் தேதி, எடை வரைபடம், எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்யும் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. அவர் அதைத் திறந்தே பார்த்ததில்லை! ஐந்தாம் மாதம் தலையசைத்து ஆடும் செங்கீரை, ஒன்பதாம் மாதம் கைதட்டும் சப்பாணி என்று நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் மாதக் கணக்கு வைத்துப் பாடினார்களே, அந்தக் கணக்கின் இன்றைய வாரிசு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதற்கு மேல் வேண்டுமானால் ஒரே ஒரு புத்தகம் போதும் என்றேன். குழந்தை மருத்துவர் எழுதியதாக, புதுப் பதிப்பாக இருக்கட்டும். எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறதா? மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் காத்திருக்கக் கூடாது என்பதுகூட இல்லாத புத்தகத்தை வாங்க வேண்டாம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில் தம்பி மெல்ல இழுத்தார். "சார், ஒரு ரெண்டு வாரம் லீவு கிடைக்குமா? ராத்திரி ஏப்பம் விட வைக்கிற டியூட்டியை எனக்கே தர்றேன்னு அத்தை சொல்லியிருக்காங்க."

மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் லீவு உண்டு. நம்மைப் போன்ற தனியார் இடங்களில் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. யோசித்துப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் எழுதிவிட்டு இவருக்கு எப்படி மறுப்பது?

ஆகவே, இந்த இதழில் எங்காவது ஒரு பக்கம் கோணலாகத் தெரிந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அது என் கைவேலை.

அன்புடன்,
ஆசிரியர்