சொல்லும் சுமையும்

அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளிலிருந்து வரும் மூட்டை ஒன்றின் எடை 50 கிலோகிராம். அதனைச் சுமந்து செல்லும் தொழிலாளி, தம் தொடைத் தசை எவ்வாறு சுருங்குகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பதில்லை. மூட்டையை இறக்க வேண்டிய இடத்தையே நோக்கி நடக்கிறார். பெரம்பலூர்ப் பகுதியில் சின்ன வெங்காய மூட்டை சுமப்பவரும் அப்படித்தான். எடைப் பயிற்சியைப் பற்றி அறிஞர் ஆய்ந்து கண்ட உண்மை ஒன்று இப்பழக்கத்தினுள் அடங்கியிருக்கிறது.

வலிமை தசையில் மட்டும் இருப்பதன்று. மூளை நரம்பின் வழியே ஆணையிட்டாலன்றித் தசைநார்கள் சுருங்கா. பழகாதவன் முயலும்போது அவை யாவும் ஒருங்கே எழுவதில்லை. பயிற்சியின் முதற் சில வாரங்களில், கை பருக்காமலே தூக்கும் எடை கூடுவது இதனாலேயாம். 1992-ஆம் ஆண்டு யூ, கோல் என்னும் இருவர் வெளியிட்ட ஆய்வு வியப்பூட்டுவது. சிலர் சுண்டுவிரலை அசைக்காமல், அதனை வலிந்து தள்ளுவதாக மனத்தால் நினைத்து மட்டும் பழகினர். நான்கு வாரங்களில் அவ்விரலின் வலிமை 22 விழுக்காடு மிகுந்தது! மெய்யாகவே பயின்றோர்க்கு மிகுந்தது 30 விழுக்காடு. சோம்பேறிகள் இதைக் கேட்டு மகிழ வேண்டா. தசை பருப்பதற்கு உழைப்பே வழி.

அங்ஙனமாயின் மனத்தை எங்கே நிறுத்துவது? சுமையைப் பொறுத்தது அது. மல்லாந்து படுத்து எடையை மேலே தள்ளுவோரை 2016-இல் ஆய்ந்தனர். ஒருவர் தூக்கவல்ல பேரெடையில் 60 விழுக்காடு வரை, மார்புத் தசையை நினைத்துத் தள்ளியபோது அத்தசை மிகுதியாக இயங்கிற்று. 80 விழுக்காட்டில் அவ்வேறுபாடு மறைந்துவிட்டது. பெருஞ்சுமையின்முன் மனம் புறத்தே செல்வதே நன்று. ‘முழங்காலை நீட்டு’ என்பதைவிடத் ‘தரையை மிதித்துத் தள்ளு’ என்னும் சொல்லே அப்போது பயன் தரும்.

இங்கேதான் பயிற்றுநரின் பொறுப்பு மிகப் பெரிதாகிறது. வேலூரை அடுத்த சத்துவாச்சாரியைச் சேர்ந்த சதீஷ் சிவலிங்கம், 2014-இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 149, 179 ஆக மொத்தம் 328 கிலோகிராம் தூக்கிப் பொற்பதக்கம் பெற்றார். இத்தகைய போட்டியில் வீரரின் பெயரை அழைத்தபின் அவர் தூக்கத் தொடங்குவதற்குரிய காலம் பொதுவாக ஒரு நிமிடமே. அதற்குள் ‘முதுகை நிமிர்த்து, தோளை இழு, மூச்சைப் பிடி, காலை அகற்று’ என்று கட்டளைகளை அடுக்கினால் மாணவன் எதனைக் கேட்பான்? எதனைச் செய்வான்? சிற்றூரிலிருந்து முதன்முதல் எடைமேடைக்கு வரும் பிள்ளை, தன்னைக் குற்றவாளியென எண்ணி நடுங்கவும் கூடும்.

உரத்த குரலே தீது என்பேனல்லேன். தாமே முழங்கிக்கொண்டு கையை மடக்கியோர்க்கு வலிமை ஏறத்தாழ 12 விழுக்காடு கூடியதை இகாய், ஸ்டைன்ஹாஸ் ஆகியோர் 1961-இலேயே கண்டனர். தேர்வடம் பிடிப்போர் ஒரே குரலில் முழங்குவதும் வீணன்று. ஆயின் ஊக்கும் குரல் வேறு. வைது அச்சுறுத்தும் குரல் வேறு.

குறைகளை ஒவ்வொன்றாகத் திருத்துதற்கு உரிய இடம், வெறுங்கோலை ஏந்திப் பழகும் பயிற்சித் திடல். மேடையருகே ஒரு சொல் போதும். அச்சொல் எது என்பதைப் பயிற்றுநரும் மாணவனும் முன்னரே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.