எங்கள் உடலின் ஃபைல் எங்கள் கையில்

எங்களில் பலருக்கு நினைவு தெரியும் முன்பே அறுவை சிகிச்சை நடந்துவிட்டது. ஆணுறுப்பின் நுனியில் இருக்க வேண்டிய சிறுநீர்த் துவாரம் அடிப்பக்கத்தில் அமைந்த ஹைப்போஸ்பேடியாஸோடு பிறந்தவர்கள், மூத்திரப்பை வயிற்றுக்கு வெளியே திறந்தபடி பிறந்தவர்கள், மூத்திரக் குழாயில் வால்வு அடைப்போடு பிறந்தவர்கள் நாங்கள். ஆண்களும் பெண்களுமாகச் சேர்ந்து இந்த இயக்கத்தை இன்று தொடங்குகிறோம்.

வீட்டில் கேட்டால், "சின்ன வயசுல ஒரு ஆபரேஷன், அப்பவே சரியாயிடுச்சு" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. கத்தி வைத்த டாக்டர்கள் மீது எங்களுக்குப் பகை இல்லை. அவர்கள் இல்லையென்றால் எங்களில் சிலர் இன்று உயிரோடு இல்லை. ஆனால் ஒன்றரை வயதில் தைத்த உடல் அதோடு நிற்கவில்லை, வளர்ந்தது. பருவ வயதில் ஆணுறுப்பின் வளைவு திரும்ப வரலாம். புதிதாகச் செய்த மூத்திரக் குழாய் பல வருடம் கழித்துச் சுருங்கலாம். வால்வை நீக்கிய பிறகும் இளவயதில் சிறுநீரகம் செயலிழக்கலாம். குடல் துண்டு வைத்துப் பெரிதாக்கிய மூத்திரப்பையில் சளி சேரும், கல் உருவாகலாம்.

எங்கள் தோழர் ஒருவரின் ஆபீஸ் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் கத்தீட்டரும் ஜெல்லும் இருக்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, மூத்திரம் வெளியேற, தானே குழாய் விட்டாக வேண்டும். பஸ்ஸில் ஊருக்குப் போகும் நாளில் காலையிலிருந்தே தண்ணீர் தொட மாட்டார். கல் சேர அதைவிடச் சுலபமான வழி கிடையாது. அது அவருக்கும் தெரியும். வழியில் கழிப்பறைதான் இல்லை.

வளர்ந்தவர்களுக்குக் குழந்தைகள் வார்டில் இடமில்லை. பெரியவர்கள் வார்டுக்குப் போனால், "முன்னாடி என்ன செஞ்சாங்க?" என்கிறார்கள். காட்ட எங்களிடம் தழும்பு மட்டுமே இருக்கிறது.

ஆகவே கேட்கிறோம்: 18 வயதில் அறுவை சிகிச்சைக் குறிப்புகளை எங்கள் கையில் தர வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் எங்களுக்கென்று யூராலஜி புறநோயாளிப் பிரிவு வேண்டும். சிறுநீரகப் பரிசோதனை ஆயுள் முழுக்கத் தொடர வேண்டும். மணவாழ்க்கை பற்றிக் கேட்டால் முகம் சுளிக்காத பதில் வேண்டும். மூத்திரப்பை திறந்தபடி பிறந்த பெண்ணும் தாயாகலாம். பிரசவத்தை யூராலஜிஸ்டும் சேர்ந்து முன்கூட்டியே திட்டமிட வேண்டும். இதைக்கூட யாரும் அவளிடம் சொல்வதில்லை.

உயிருக்கு ஆபத்து இருந்தாலொழிய இடைப்பாலினக் குழந்தைகளுக்குப் பாலின அறுவை சிகிச்சை கூடாது என, உயர் நீதிமன்றத் தீர்ப்பைத் தொடர்ந்து 2019இல் தமிழக அரசு ஆணையிட்டது. தோற்றத்துக்காக மட்டும் செய்யும் மற்ற ஆபரேஷன்களிலும் அதே நிதானத்தைக் கேட்கிறோம்.

பெற்றோரே, டிஸ்சார்ஜ் சம்மரியைப் பழைய பேப்பரோடு போட்டுவிடாதீர்கள். வீட்டுப் பத்திரம் இருக்கும் பீரோவிலேயே அதையும் வையுங்கள். பிள்ளைக்கு 18 ஆனதும் எடுத்துக் கொடுங்கள்.