யாருக்கு என்ன நஷ்டம்?

2008 ஜனவரியில் சென்னை ஐபிஎல் அணியை 9.1 கோடி டாலருக்கு ஏலத்தில் எடுத்தது இந்தியா சிமெண்ட்ஸ். அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன் அப்போது போட்டியை நடத்தும் கிரிக்கெட் வாரியத்தின் பொருளாளரும்கூட. "சொந்தக் காசு போட்டார், கோப்பையும் வந்தது, யாருக்கு என்ன நஷ்டம்?" திருச்சி தில்லை நகர் முதல் ஸ்ரீரங்கம் உத்திர வீதி வரை மஞ்சள் சட்டைக்காரர்கள் இன்றும் சலிக்காமல் ஓதும் மந்திரம் இது.

வாரியம் தனியார் சங்கம், அதன் விதி அதன் இஷ்டம் என்பது ஒரு வாதம். நாட்டின் பெயரில் அணி அனுப்பும்போது மட்டும் அந்தத் தனியார்த்தனம் மறந்துபோகிறது.

தலைவர் சரத் பவாரிடம் கேட்டுத்தான் வாங்கினார் என்பது அடுத்தது. கேட்டது போதுமென்றால், நிர்வாகிகளுக்கு வாரியப் போட்டிகளில் வணிக ஆதாயம் கூடாது என்ற 6.2.4ஆம் விதியை அதே ஆண்டு செப்டம்பரில் 'ஐபிஎல் நீங்கலாக' என்று திருத்தியது எதற்கு? அந்த மாதமே சீனிவாசன் வாரியச் செயலாளரும் ஆனார்.

இனி நஷ்டக் கணக்கு. இதற்குப் பதில் ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறது. 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 26ஆம் பிரிவுப்படி, கோயில் சொத்தின் குத்தகையிலோ ஒப்பந்தத்திலோ ஆதாயம் உள்ளவர் அறங்காவலராக இருக்க முடியாது. குத்தகையை ஒழுங்காகக் கட்டினாரா, நெல் குறைந்ததா என்று சட்டம் கேட்பதில்லை. குத்தகை நிர்ணயிப்பவரும் கட்டுபவரும் ஒருவரே என்றால், குறைந்ததா என்பதை யார் அளந்து சொல்வது? ரங்கநாதர் நிலத்துக்கு வேண்டிய இந்த எச்சரிக்கை, கோடிகள் புரளும் ஐபிஎல்லுக்கு வேண்டாமாம்.

அளப்பவர் யார் என்ற கேள்வி 2013இல் நேரிலேயே வந்தது. மே 24 அன்று சூதாட்டப் புகாரில் சீனிவாசனின் மருமகன் குருநாத் மெய்யப்பன் கைதானார். அணியோடு எங்கும் தென்பட்டவர் திடீரென்று வெறும் கிரிக்கெட் ஆர்வலர் ஆனார். விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை அமர்த்தியது மாமனார் தலைமை வகித்த வாரியமே. தவறுக்கு ஆதாரமில்லை என்று அவர்கள் ஜூலை 28 அன்று அறிக்கை தந்தார்கள். இரண்டே நாளில் அந்தக் குழு அமைந்த விதமே செல்லாது என்றது மும்பை உயர் நீதிமன்றம். பிறகு உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு, குருநாத் அணியின் அதிகாரிதான், பந்தயம் கட்டியவர்தான் என்று கண்டறிந்தது. நஷ்டம் கண்ணில் படாததன் ரகசியம் இவ்வளவுதான்.

எல்லா விளையாட்டிலும் உள்ளதுதானே என்பாரும் உண்டு. உண்மைதான்: சர்வதேச மிதிவண்டி ஒன்றியம் தன் சொந்த நிறுவனத்தின் மூலம் 2011இல் பெய்ஜிங் பந்தயத்தைத் தொடங்கி, முதல் ஆண்டிலேயே அதற்கு உயர்தகுதியும் தந்தது. அது பழி, முன்னுதாரணம் அல்ல.

சீனிவாசன் எதையும் மறைத்ததாக நிரூபணமாகவில்லை என்று உச்ச நீதிமன்றமே சொன்னது கடைசிப் புகலிடம். 2015 ஜனவரி 22 தீர்ப்பில் அது இருக்கிறது. 2008இன் திருத்தத்தை ரத்து செய்ததும், வணிக ஆதாயத்தைக் கைவிடாதவர் வாரியத் தேர்தலில் நிற்கக் கூடாது என்றதும் அதே தீர்ப்புதான். மார்ச் 2 அன்று நடந்த தேர்தலில் ஜக்மோகன் டால்மியா தலைவரானார். ஜூலையில் அந்தத் தீர்ப்பு அமைத்த லோதா குழு சென்னை, ராஜஸ்தான் அணிகளின் உரிமையாளர்களை இரண்டாண்டு இடைநீக்கம் செய்தது.