மனைவியின் நோயும் கணவரின் கடமையும்

நமது சங்கக் கூட்டங்களில் நூல் விலை, கூலி உயர்வு, பயிர்க் கடன் ஆகியவற்றைப் பற்றி நெடுநேரம் பேசுகிறோம். அங்கத்தினர் ஒருவரின் இல்லத்தில் புற்றுநோய் புகுந்துவிட்டால் மட்டும், அது குடும்ப விஷயம் என்று வாளாவிருந்து விடுகிறோம். நமது அபிப்பிராயத்தில் இது சரியன்று. தறியும் கழனியும் கணவன், மனைவி இருவரின் உழைப்பால் நடப்பவை. மனைவி தார் சுற்றாவிடில் கணவனின் நாடா ஓடாது. அவள் நாற்று நடாவிடில் வயல் விளையாது. ஒருவர் படுத்தால் தொழிலே படுத்துவிடுகிறது. ஆகவே, இது சங்கத்தின் விஷயமுமாகும்.

கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சையின் பெயரைக் கேட்டதுமே நம் மக்கள் நடுங்குகின்றனர். அதன் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்குப் பெரும் பங்கு உண்டு என்பதைச் சிலரே அறிவர். 1895இல் பீமவரத்தில் பிறந்த எல்லாப்பிரகட சுப்பாராவ், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றபோது, காந்தியடிகளின் சொல்லை ஏற்று அறுவைக் கூடத்திலும் கதரே அணிந்தார். பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளானமையால் அவருக்கு முழுப் பட்டம் கிட்டவில்லை. குறைந்த தரச் சான்றிதழே கிடைத்தது. பின்னர் அமெரிக்கா சென்ற அவர், தம் குழுவினருடன் உருவாக்கிய மருந்துகளுள் ஒன்று அமினோப்டெரின். பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி பார்பர் அதனை இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்கு அளித்துக் கண்ட பலனை 1948இல் வெளியிட்டார். அக்குழந்தைகளுக்குக் கிடைத்த சுகம் தற்காலிகமானதே. எனினும் வழி திறந்துவிட்டது. அதே இனத்தைச் சேர்ந்த மெதோட்ரெக்ஸேட் இன்றளவும் பயன்படுகிறது.

இம்மருந்துகளுட் பெரும்பாலானவை, விரைந்து பெருகும் உயிரணுக்களைத் தாக்குபவை. புற்றுநோய் அணுக்களோடு, தலைமயிரின் வேர், வாயின் உட்தோல், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அடிபடுகின்றன. மயிர் உதிர்வதும், வாய் புண்ணாவதும், குமட்டுவதும் இதனாலேயே. உடல் தேறுவதற்காகப் பல சிகிச்சைகளில் 21 நாட்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றுகின்றனர். மருந்தேற்றிய ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை இரத்தத்தில் வெள்ளணுக்கள் பொதுவாக மிகக் குறைந்திருக்கும். அந்நாட்களில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சலன்று. வெப்பமானி 100.4 டிகிரி பாரன்ஹீட் காட்டினால், இரவாயினும் மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும். மாத்திரை கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டு விடியும்வரை காத்திருத்தல் உயிருக்கே ஆபத்து.

நாம் ஆய்வுக்குச் சென்றிருந்த ஊரொன்றில் ஒரு நெசவாளரின் மனைவி, தீபாவளிப் புடவை தறியில் இருக்கிறதே என்று இரண்டு நாட்கள் காய்ச்சலை வெளியிற் சொல்லாமல் தார் சுற்றிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் நினைவு தடுமாறிய பின்னரே கணவருக்குத் தெரிந்தது. நல்வினையாகப் பிழைத்துக்கொண்டார். அவ்வீட்டில் அன்பிற்குக் குறைவில்லை. வெப்பமானி ஒன்று இல்லை. கேட்கும் வழக்கமும் இல்லை. நம் பெண்கள் நோயைச் சொல்லமாட்டார்கள். கணவன்மார்தாம் கேட்க வேண்டும்.

கணவன் நோயுற்றால் மனைவி உடனிருக்கிறாள். மனைவி நோயுற்றாலோ அவளுடைய தாயோ தமக்கையோ வரவழைக்கப்படுகிறாள். கணவர் பணத்திற்கு அலைவதோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணுகிறார். பணம் வேண்டியதுதான், ஆனால் அது மட்டும் போதாது. மருந்தேற்றும் நாளன்று அவர் அருகில் இருத்தல் வேண்டும். அடுத்த தேதியையும் மருத்துவர் சொன்னவற்றையும் ஒரு நோட்டில் எழுதிவைத்தல் வேண்டும். அடுப்படியின் தாளிப்பு மணம் அவளுக்குக் குமட்டுமாதலால் சமையலைத் தாமே ஏற்கலாம். இட்லி, கஞ்சி போன்றவற்றைச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைக்க வேண்டும். மருந்தேற்றிய இரண்டு நாட்களுக்கு வாந்தி, சிறுநீர் பட்ட துணிகளைக் கையுறையணிந்து தனியே துவைக்க வேண்டும். மருத்துவரிடம் சொல்லாமல் வேறெந்தச் சூரணமும் பச்சிலையும் கொடுத்தலாகாது.

புற்றுநோய் ஒட்டுவாரொட்டி அன்று. அவளுக்குத் தனித்தட்டு வைப்பதும், குழந்தைகளை அண்டவிடாதிருப்பதும் அறியாமை. உதிர்ந்த மயிர் சிகிச்சை முடிந்த சில மாதங்களில் பெரும்பாலும் மீண்டும் முளைக்கும். அதுவரை விசேஷங்களுக்கு அவளை அழைத்துச் செல்லத் தயங்கும் கணவர், மருந்து தருவதினும் அதிக வேதனையைத் தருகிறார் என்றே சொல்லுவோம்.

இனிச் சங்கத்தின் பங்கு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாற்றில் தோன்றிய புற்றுநோய் நிலையமும், நெசவாளர் நகரமாகிய காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டை அரசு மருத்துவமனையும் நம் மக்களுக்கு எட்டக்கூடியவை. வருமான வரம்புக்குட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. கிராம நிருவாக அலுவலரின் வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கையிலில்லாமல் அலைவோரை நாம் கண்டிருக்கிறோம். காப்பீட்டு அட்டை பெறாத அங்கத்தினர் எவர் என்று சங்கச் செயலாளர் இன்றே கணக்கெடுத்து, நோய் வருமுன்னரே பெற்றுத்தரலாம். உபவிதிகள் இடந்தரும் அளவில் பொது நல நிதியிலிருந்து பயணச் செலவுக்கு உதவலாம். கடன் தவணைக்கு அவகாசம் கோரும் மனுவை விரைந்து பரிசீலிக்கலாம். பாவு கொடுக்கும்போது, மருந்தேற்றும் வாரத்தைக் கணக்கிற்கொண்டு புடவை கொடுக்கும் கெடுவைத் தள்ளிவைக்கலாம். அண்டை வீட்டார் முறைவைத்துத் தார் சுற்றித் தரலாம். வயலுக்கு நீர் பாய்ச்சித் தரலாம்.

இவற்றிற்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டுவதில்லை. அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்தில் இதனையும் ஒரு பொருளாகச் சேர்க்குமாறு ஒவ்வொரு சங்கத்தையும் கேட்டுக்கொள்கிறோம்.