மின்னணு ஏலமும் வியாபாரிகள் சங்கமும்

நமது ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களில் பழைய பெட்டி டெண்டருக்குப் பதிலாக மின்னணு ஏலம் புகுத்தப்பட்டு வருகிறது. இதனால் ரயத்துகளுக்கு நன்மை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அந்நன்மை கைகூடுவது, ஏலத்தில் விலை கூறும் உள்ளூர் வியாபாரிகளின் சங்கம் மனமுவந்து உடன்வருவதைப் பெரிதும் பொறுத்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதைக் கேட்கும் குடியானவர் சிலர், “வியாபாரிக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?” என்று வினவக்கூடும். அவ்வினாவுக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் பழைய வரலாற்றைச் சிறிது நினைவு கூர்வது நலம். விளைபொருள் சந்தைகளை ஒழுங்குபடுத்த வேண்டுமென்று ராயல் விவசாயக் கமிஷன் 1928-ஆம் ஆண்டில் சிபாரிசு செய்தது. சென்னை மாகாண வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் 1933-இல் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்படி முதல் விற்பனைக் கூடம் 1936-இல் திருப்பூரில் பருத்திக்காக அமைந்தது. அதற்கு முன் துணி மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுதல், எடையில் கழிவு பிடித்தல், மகிமை என்றும் சாம்பிள் என்றும் பல பெயரில் பண்டத்தை எடுத்துக்கொள்ளுதல் ஆகியவை சந்தைகளில் வழக்கமாயிருந்தன. அவற்றைத் தடுக்க எழுந்த சட்டமும் வியாபாரிகளை வெளியே நிறுத்திவிடவில்லை. சந்தைக் கமிட்டியில் விளைவிப்போரின் பிரதிநிதிகளோடு வியாபாரிகளின் பிரதிநிதிகளுக்கும் இடம் அளித்தது. வாங்குவோர் இன்றிச் சந்தை இல்லை என்பதை அக்காலத்தவர் நன்கு உணர்ந்திருந்தனர்.

இப்பொழுது வந்துள்ள மாறுதல் அதனினும் பெரிது. ‘இ-நாம்’ என்று சுருக்கமாக வழங்கும் தேசிய வேளாண் சந்தை 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி 8 மாநிலங்களில் 21 சந்தைகளுடன் தொடங்கிற்று. 2020-இல் சந்தைகளின் தொகை 1000 ஆயிற்று. தமிழ்நாட்டுக் கூடங்கள் பலவும் இதில் சேர்ந்துள்ளன. இதில் சேர விரும்பும் மாநிலம் மூன்று ஏற்பாடுகளைச் செய்துகொள்ள வேண்டும். மாநிலம் முழுமைக்கும் செல்லக்கூடிய ஒரே உரிமம் வழங்குதல் ஒன்று. சந்தைக் கட்டணத்தை ஒரே இடத்தில் ஒருமுறை மட்டும் வசூலித்தல் மற்றொன்று. மின்னணு ஏலத்தின் வாயிலாக விலை நிர்ணயம் செய்தல் மூன்றாவது. ரயத்து கொண்டுவரும் குவியலுக்கு வாயிலிலேயே எண் இட்டு, தரம் பரிசோதித்து, அவ்விவரத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். உள்ளூர் வியாபாரியும் வெளியூர் வியாபாரியும் தத்தம் கைபேசியிலோ கம்ப்யூட்டரிலோ விலை குறிக்கலாம். கிரயம் ரயத்தின் வங்கிக் கணக்குக்கு நேராகச் செல்லும்.

ஏற்பாடு நேர்த்தியானதே. எனினும் நடைமுறையில் ஒரு குறை காணப்படுகிறது. சில இடங்களில் முன்போலவே குவியலைச் சுற்றி நின்று விலை பேசி முடித்துவிட்டு, முடிந்த விலையைப் பின்னர்க் கம்ப்யூட்டரில் பதிந்துவிடுகிறார்கள். கணக்கில் அது மின்னணு ஏலமாகத் தோன்றும். ரயத்துக்கோ ஒரு பைசா கூட மேலதிகமாக வராது. வியாபாரிகளை உடன்படச் செய்யாமல் உத்தரவினால் மட்டும் புகுத்திய ஏற்பாடு பெரும்பாலும் இக்கதியையே அடையும்.

இன்னொரு கதியும் உண்டு. 2022 செப்டம்பரில் அரியானா மாநிலத்தின் கமிஷன் மண்டிக்காரர்கள், நெல் விற்பனையை இ-நாம் வழியாக நடத்துவதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அறுவடை நெல் சந்தைக்கு வரும் தருணம் அது. இத்தகைய பிணக்கு நேரும்பொழுது அதிகாரிக்கும் மண்டிக்காரருக்கும் இடையே நடப்பது பேச்சுவார்த்தை மட்டுமே. திறந்த வெளியில் குவிந்து கிடப்பது குடியானவரின் மகசூல். வியாபாரிக்காக நாம் ஏன் கவலைப்பட வேண்டும் என்பதற்கு இதுவே விடை.

ஆகவே வியாபாரிகளின் தயக்கங்களை ஒவ்வொன்றாக எடுத்து, எது நியாயமானது, எது நியாயமற்றது என்று பகுத்துப் பார்த்தல் அவசியம். ஈரோடு ஜில்லாவின் மஞ்சளை உதாரணமாகக் கொள்வோம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது யாவரும் அறிந்ததே. மஞ்சள் வாங்குபவர் விரலி வேறு, கிழங்கு வேறு என்று பிரித்துப் பார்க்கிறார். விரலியை ஒடிக்கிறார். நன்கு உலர்ந்ததாயின் கணீரென்று ஓசையிட்டு ஒடியும். உள்ளே நிறம் சீராயிருக்கும். இந்த அறிவு பல்லாண்டுப் பழக்கத்தால் வந்தது. “கண்ணால் காணாத பண்டத்துக்கு நான் எப்படி விலை போடுவேன்? பின்னர் ஈரம் மிகுந்திருந்தால் யார் பொறுப்பு?” என்று அவர் கேட்பாரானால் அது நியாயமான கேள்வி. பரிசோதனைக் கூடத்தின் ஈரப்பத அளவில் அவருக்கு நம்பிக்கை ஏற்படாதவரை, எச்சரிக்கையாகக் குறைந்த விலையே போடுவார். அந்நஷ்டமும் ரயத்தையே சேரும்.

பணம் செலுத்தும் தவணை இரண்டாவது தயக்கம். வாங்கிய மஞ்சளை அரைவை ஆலைக்கோ வடநாட்டுக்கோ அனுப்பிக் கிரயம் வந்துசேரச் சில நாட்கள் ஆகும். சிறு வியாபாரிக்கு உடனடியாக முழுத் தொகையையும் கட்டும் முதல் இராது. இதுவும் ஆலோசிக்கத்தக்கதே. வயது முதிர்ந்த வியாபாரிகள் கைபேசியில் விலை குறிக்கப் பழகாதவர்கள் என்பது மூன்றாவது. இது பயிற்சியால் தீரும். வெளியூரார் போட்டிக்கு வருவார்கள், கொள்முதல் விவரம் முழுவதும் வெளிப்பட்டுவிடும் என்பது நான்காவது. இதை மட்டும் நாம் ஏற்பதற்கில்லை. போட்டியும் வெளிப்படையும் வருவதற்காகவே இம்மாறுதல் செய்யப்படுகிறது.

வியாபாரிகளை விலக்காமலே மாறுதலைச் செய்ய இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. ஏலக்காய் விற்பனையில் முன்பு வாய்விட்டுக் கூவும் ஏலமே நடந்துவந்தது. ஸ்பைசஸ் போர்டு 2007-இல் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. போடிநாயக்கனூர் ஏல மண்டபத்தில் வியாபாரிகள் தத்தம் இருக்கையில் அமர்ந்து, எதிரே உள்ள கருவியில் விலை குறிக்கிறார்கள். ஆயினும் மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்க்கும் வழக்கம் நீக்கப்படவில்லை. உரிமம் பெற்ற ஏலதாரர்கள் நீக்கப்படவில்லை; தோட்டக்காரரிடம் காய் பெற்று, ஏலத்தில் வைத்து, கணக்குத் தீர்ப்பது இன்றும் அவர்களே. கூவுவதும் அதனால் விளையும் குழப்பமுமே மாற்றப்பட்டன. தொழிலில் உள்ளோர் தங்கள் இடத்தை இழக்கவில்லை என்பதைக் கண்கூடாகக் கண்டபடியால் அம்முறை வேரூன்றிற்று.

இதிலிருந்து நமது கூடங்களுக்குக் கொள்ளத்தக்கவை யாவை என்பதைக் கீழே கூறுகிறேன்.

1. ஏலம் தொடங்குமுன் குவியலின் மாதிரியைப் பார்வையிட வியாபாரிகளுக்குக் குறித்த நேரம் ஒதுக்க வேண்டும். பரிசோதனைக் கூடத்தின் ஈரமானியைச் சங்கத்தின் பிரதிநிதியும் ரயத்துகளின் பிரதிநிதியும் கூடியிருக்க அவ்வப்போது சரிபார்க்க வேண்டும்.

2. தரத்தைப் பற்றிய தகராறை அன்றைய தினமே தீர்க்க, கண்காணிப்பாளர், ஒரு வியாபாரி, ஒரு ரயத்து ஆகிய மூவர் கொண்ட சிறு குழுவை அமைக்கலாம்.

3. பயிற்சியைச் சங்கத்தின் கட்டடத்திலேயே, சங்கத்தின் பெயராலேயே நடத்துவது நலம். கணக்கெழுதும் இளைஞர்களுக்கு முதலில் கற்பித்தால் அவர்களே முதலாளிகளுக்குத் துணை நிற்பார்கள்.

4. முதலில் ஒரே பண்டத்தில், ஒரே தரத்தில் தொடங்கி, சங்கத்தோடு கலந்து நிர்ணயித்த தேதியில் பழைய முறையை அறவே நிறுத்த வேண்டும். இரண்டு முறைகளும் நெடுநாள் அருகருகே நடக்குமாயின் புதியது பெயரளவில்தான் நிற்கும்.

5. தவணை விஷயத்தில் சிறு வியாபாரிக்கு வங்கிக் கடன் வசதி கிடைக்கச் சங்கமே முன்னின்று முயலலாம். அத்தவணையின் சுமையை ரயத்தின் தலையில் ஏற்றுவது மட்டும் கூடாது.

இணங்கிப் போவதற்கும் ஓர் எல்லை உண்டு. ஏலம் முடியும் வரையில் ஒருவர் குறித்த விலை மற்றவருக்குத் தெரியாதிருத்தல், சரியான எடை, கிரயம் ரயத்தின் சொந்தக் கணக்கில் சேருதல், உரிமம் உள்ள எவரும் விலை குறிக்கலாம் என்னும் உரிமை ஆகிய நான்கும் பேரத்துக்கு உரியவை அல்ல. சங்கத்தின் முன் முதல் நாளிலேயே இவற்றைத் தெளிவாகக் கூறிவிட வேண்டும். பின்னால் ஒவ்வொன்றாக வெளியிட்டால் மனக்கசப்பும் அவநம்பிக்கையுமே வளரும்.

ரயத்துகளின் கடமையும் சிறிதன்று. வெளியூர் வியாபாரி நம் பண்டத்தைக் கண்ணால் காண்பதில்லை. தரச் சீட்டை நம்பியே வாங்குகிறார். விரலியோடு கிழங்கைக் கலந்தும், மேலே உலர்ந்ததும் அடியில் ஈரமானதுமாக மூட்டை கட்டியும் ஒருவர் செய்யும் தவறு, அவ்வூர்க் குவியல்கள் அனைத்தின் விலையையும் தாழ்த்தும். அறுவடைக்கு முன்பே மண்டிக்காரரிடம் முன்பணம் வாங்கியவர் விற்பனைக் கூடத்துக்கு வந்தாலும் மனம்போல் விற்க இயலாது. விலை தாழ்ந்திருக்கும்பொழுது கூடத்தின் கிடங்கில் பண்டத்தை இருப்பு வைத்து, அதன் மதிப்பில் 75 சதவிகிதம் வரை பொருளீட்டுக் கடன் பெறலாம். கடன் நெருக்கடியால் அவசர விற்பனை செய்வதைத் தவிர்க்க இது ஏற்ற வழி. விற்பனைக் கூடத்தில் தரகு ரயத்துக்கு இல்லை என்பதையும், 1 சதவிகிதச் சந்தைக் கட்டணத்தை வாங்குபவரே செலுத்துகிறார் என்பதையும் அறியாதவர் இன்னும் பலர் இருக்கின்றனர்.

கிராம அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பட்டா தந்தையின் பெயரிலும் வங்கிக் கணக்கு மகனின் பெயரிலும் இருப்பது, பெயரின் எழுத்துகள் ஒன்றுக்கொன்று மாறியிருப்பது போன்ற சிறு குறைகளே அறுவடைக் காலத்தில் பதிவுக்கும் கடனுக்கும் தடையாகின்றன. இவற்றை முன்கூட்டியே கவனித்துத் திருத்த உதவினால் ரயத்துகளின் அலைச்சல் வெகுவாகக் குறையும்.

அறுவடை வருமுன், ஒவ்வொரு விற்பனைக் கூடத்திலும் அதிகாரிகளும் சங்கத்தாரும் ரயத்துகளின் பிரதிநிதிகளும் ஒருமுறையேனும் கூடி, மேற்கண்ட விஷயங்களைப் பேசி எழுத்தில் முடிவு செய்துகொள்வது உசிதம். நமது கிராமங்களின் முன்னணி ரயத்துகள் அக்கூட்டத்துக்குத் தவறாமல் சென்று, தங்கள் கருத்தைத் தைரியமாகத் தெரிவிக்க வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன். வாங்குபவரும் விற்பவரும் சேர்ந்து வகுத்துக்கொண்ட ஒழுங்கை மீறுவதற்கு இரு தரப்பாரும் தயங்குவர். நாம் வேண்டும் நிலைத்த சந்தை அதனாலேயே அமையும்.